காது மந்தமானவர் செய்த சுத்தமான பாட்டுப் பெட்டி

திருவண்ணாமலையில் இருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். மணிலாவும் நெல்லும் விளையும் பூமி.

அந்த ஊரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. விவசாயி. அவருடைய தகப்பனார் அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக்செட் போட்டவர். வேப்ப மரத்தில் கட்டிய கொளாம்பிக் குழாயின் கீழே விளையாடி வளர்ந்தவர் நண்பர். அதனால் பாட்டுக் கேட்பதில் அவருக்கு அடங்காத ஆசை.

முதலில் ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் சொல்லி ஒரு ஆம்ப்ளிபயர் செய்து வாங்கினார். பாஸ் குமிழைத் திருகினால் பரணில் இருக்கும் பித்தளைச் சொம்பு ஆடும். ஓர் ஆண்டு மகிழ்ச்சியாகக் கேட்டார். பிறகு தலை வலிக்கிறது என்று விற்றார். அடுத்ததாக இன்னும் பெரிதாக ஒன்று. அதுவும் போயிற்று.

போன ஆண்டு மணிலா விற்ற பணத்தில் சுத்தமான ஆம்ப்ளிபயர் ஒன்றை வாங்கினார். உள்ளே போகும் ஒலி எதுவோ அதுவே பெரிதாகி வெளியே வரும். கூடுதலாக ஒன்றும் சேராது. குறைவாக ஒன்றும் போகாது. மூன்று மாதம் நண்பர் சொர்க்கத்தில் இருந்தார். நாலாவது மாதம் சந்தேகம் வந்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் உப்புப் போடாத சோறு போல் இருக்கிறது என்கிறார். இப்போது வேறொன்றுக்கு விலை விசாரிக்கிறார். அந்தப் பணம் கிணற்று மோட்டார் மாற்றுவதற்காக எடுத்து வைத்த பணம். வீட்டம்மா அவரிடம் சரியாகப் பேசுவதில்லை.

சுத்தமான ஒலி இருந்தால் மட்டும் மனிதனுக்குத் திருப்தி வந்துவிடுமா? வந்தாலும் அது நிலைக்குமா?

இது நண்பர் வீட்டுக் கேள்வி மட்டும் அல்ல. இதே கேள்வியில் தன் பணத்தையும், பெயரையும், 15 ஆண்டு உழைப்பையும் பந்தயம் வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் தாமஸ் ஆல்வா எடிசன்.

மின்சார விளக்கைத் தந்த எடிசனை எல்லோருக்கும் தெரியும். பாட்டுப் பெட்டியில் தோற்றுப்போன எடிசனைப் பலருக்குத் தெரியாது.

ரெயில் பையன்

எடிசன் 1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி பிறந்தார். ஊர், அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த மிலான். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. பள்ளிக்கூடத்தில் அவர் இருந்தது சில மாதங்கள்தான். பையன் மக்கு என்று ஆசிரியர் முடிவு கட்டிவிட்டார். தாயார் நான்சிக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாள் ஒரு காலத்தில் ஆசிரியையாக இருந்தவர். பையனை வீட்டுக்கு அழைத்து வந்து தானே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

12 வயதில் ரெயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்கப் போனார். சாமான்கள் ஏற்றும் பெட்டியின் மூலையில் புட்டிகளை அடுக்கி ரசாயன ஆராய்ச்சியும் செய்தார். ஒரு நாள் பெட்டி தீப்பிடித்தது. புட்டிகளோடு பையனையும் இறக்கிவிட்டார்கள்.

அந்த வயதில்தான் எடிசனுக்குக் காது மந்தமாயிற்று. ரெயில்வே ஊழியர் ஒருவர் அறைந்ததால் என்று ஒரு கதை. நகர்ந்துகொண்டிருந்த ரெயிலில் ஏற முயன்றபோது யாரோ காதைப் பிடித்துத் தூக்கியதால் என்று இன்னொரு கதை. வேடிக்கை என்னவென்றால், இரண்டு கதையையும் சொன்னவர் எடிசன்தான்! 12 வயதுக்குப் பிறகு ஒரு பறவை பாடிக் கேட்டதில்லை என்று அவரே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

1862-ல் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் குழந்தை தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. ரெயில் பெட்டி ஒன்று உருண்டு வந்தது. எடிசன் பாய்ந்து குழந்தையைத் தூக்கினார். அந்த நன்றிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் அவருக்குத் தந்தி அடிக்கும் வேலையைக் கற்றுக் கொடுத்தார். எடிசனின் வாழ்க்கை அதில் திரும்பிற்று.

தந்தி வேலைக்கு அவருடைய காது ஒரு தடையாக இல்லை. உதவியாகவே இருந்தது. அறையில் மற்றவர்கள் போடும் சத்தம் அவருக்குக் கேட்காது. அவர் முன்னால் இருக்கும் கருவியின் கட்கட ஒலி மட்டும் கேட்கும். காரியத்துக்கு வேண்டிய ஒலி வேண்டும், வேண்டாத ஒலி கூடாது என்ற பிடிவாதம் அங்கேயே தொடங்கியிருக்க வேண்டும்.

பேசிய தகரத்தாள்

1876-ல் நியூஜெர்சி மாநிலத்தில் மென்லோ பார்க் என்ற இடத்தில் எடிசன் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். அடுத்த ஆண்டு டெலிபோனைத் திருத்தும் வேலையில் இறங்கினார். கிரகாம் பெல் செய்த டெலிபோனில் குரல் மெலிந்து கேட்டது. எடிசன் அதில் கரித்துண்டு வைத்த ஒரு கருவியைச் சேர்த்தார். குரல் கணீரென்று ஒலித்தது. மெலிந்த ஒலியைப் பெரிதாக்கும் ஆசை அவரை அப்போதே பிடித்துக்கொண்டது.

1877 டிசம்பரில் அவர் கொடுத்த படத்தைப் பார்த்து குரூசி என்ற தொழிலாளி ஓர் இயந்திரம் செய்தார். ஓர் உருளை. அதைச் சுற்றி மெல்லிய தகரத்தாள். ஒரு கைப்பிடி. ஓர் ஊசி. எடிசன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே ஆட்டுக்குட்டியைப் பற்றிய ஒரு குழந்தைப் பாட்டை உரக்கச் சொன்னார். பிறகு ஊசியை ஆரம்பத்தில் வைத்து மறுபடி சுற்றினார். இயந்திரம் அதே பாட்டை அவர் குரலில் திருப்பிச் சொன்னது. கூட இருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். எடிசனுக்கே உடம்பு ஆடிப்போயிற்று.

உலகம் முழுவதும் பேச்சு பரவியது. 1878 ஏப்ரலில் ஜனாதிபதி ஹேய்ஸ் தன் மாளிகைக்கு அழைத்தார். நள்ளிரவு தாண்டியும் வேடிக்கை நடந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஜனாதிபதி மனைவியும் எழுந்து வந்து கேட்டார்.

ஆனால் தகரத்தாள் நாலைந்து முறை ஓடினால் கிழிந்துவிடும். எடிசன் அதை ஒதுக்கி வைத்துவிட்டு மின்சார விளக்குக்குப் போனார். விளக்கு 1879-ல் எரிந்தது. பாட்டுப் பெட்டிக்கு அவர் திரும்பி வந்தபோது சுமார் பத்து ஆண்டுகள் ஓடியிருந்தன.

இதற்கு நடுவில் ஒன்றைச் சொல்ல வேண்டும். விளக்கை ஆராய்ந்தபோது, கண்ணாடிக் குமிழுக்குள் சூடான இழையில் இருந்து வெற்றிடத்தைத் தாண்டி மின்சாரம் பாய்வதை எடிசன் கவனித்தார். 1883-ல் அதைப் பதிவும் செய்தார். அதற்கு மேல் அதைக் கவனிக்கவில்லை. அந்த வழியில் போய் 1904-ல் ஆங்கிலேயர் பிளெமிங் ஒரு வால்வு செய்தார். 1906-ல் அமெரிக்கர் டி பாரஸ்ட் அதில் இன்னொரு கம்பியைச் சேர்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ஆம்ப்ளிபயர். எடிசன் திரும்பிப் பார்க்காமல் விட்ட அந்தப் பிள்ளைதான் பின்னால் அவரைத் தோற்கடிக்கப் போகிறது.

உருளையா, தட்டா?

எடிசன் உருளையை மெழுகால் செய்தார். 1888 ஜூனில் தொடர்ந்து மூன்று நாள் கண் அயராமல் உழைத்து இயந்திரத்தைச் சீர்படுத்தினார் என்பார்கள். களைத்த முகத்தோடு அவர் உட்கார்ந்திருக்கும் படம் பிரசித்தி பெற்றது.

அந்தச் சமயத்தில் ஜெர்மனியில் இருந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர் வேறு வழி கண்டுபிடித்தார். உருளைக்குப் பதில் தட்டு. அவர் அதற்கு வைத்த பெயர்தான் கிராமபோன். தட்டை அச்சடிப்பது சுலபம். அடுக்கி வைப்பதும் சுலபம். அவர் வழியில் வந்த விக்டர் கம்பெனி 1901-ல் தொடங்கி வேகமாக வளர்ந்தது.

தட்டில் இரைச்சல் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் எஃகு ஊசியை மாற்ற வேண்டும். ஊசி தட்டைத் தேய்த்துவிடும். உருளையின் ஒலிதான் சிறந்தது என்று எடிசன் சாதித்தார். ஜனங்கள் தட்டையே வாங்கினார்கள்.

கடைசியில் எடிசனும் இறங்கி வந்தார். 1912-ல் தட்டுச் செய்வதாக அறிவித்தார். ஆனால் செய்தால் யாரும் செய்யாத தட்டைச் செய்வேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

பல்லால் கேட்டவர்

அந்தத் தட்டு கால் அங்குல கனம். கையில் எடுத்தால் தோசைக்கல் போல இருக்கும். மற்றவர்கள் தட்டில் ஊசி பக்கவாட்டில் அசையும். எடிசன் தட்டில் மேலும் கீழும் ஏறி இறங்கும். ஊசி முனையில் வைரம். மாற்றவே வேண்டாம். அதனால் அதற்கு வைரத் தட்டு என்று பெயர். பாடும் பெட்டி ஒன்றின் விலை 250 டாலர். அந்த நாளில் அது சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய தொகை.

ஒலியின் சுத்தத்தைப் பரீட்சை செய்தவர் யார்? காது மந்தமான எடிசனேதான்! பெட்டியின் மரத்தைப் பல்லால் கடித்துக்கொள்வார். ஒலியின் அதிர்வு பல் வழியாக மண்டை எலும்புக்குப் போய் உள்காதை எட்டும். யாராவது பியானோ வாசித்தால் அந்த மரத்தையும் கடிப்பார். வெளிச் சத்தம் எதுவும் குறுக்கே வராததால் மற்றவர்களுக்குக் கேட்காத குறைகளும் தனக்குக் கேட்கின்றன என்பது அவர் வாதம்.

வீட்டிலும் அப்படித்தான். 1886-ல் அவர் மணந்துகொண்ட மினா அம்மாளுக்குத் தந்தி மொழியைக் கற்றுக் கொடுத்திருந்தார். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டதே அந்த அம்மாளின் கையில் விரலால் தந்தி அடித்துத்தான். நாடகம் பார்க்கப் போனால், மேடையில் பேசுவதை மினா அம்மாள் கணவர் முழங்காலில் தட்டித் தெரிவிப்பார். முதல் மனைவியின் பிள்ளைகளில் இருவருக்குத் தந்தியில் வரும் புள்ளி, கோடு என்பவையே செல்லப் பெயர்கள்.

தன் பெட்டிக்கு யார் பாட வேண்டும், எதைப் பாட வேண்டும் என்று எடிசனே முடிவு செய்தார். மேல்நாட்டுச் சங்கீத வித்துவான்கள் குரலை நடுக்கிப் பாடுவார்கள். அது அவருக்கு அறவே பிடிக்காது. அப்படிப் பாடியவர்களைத் தள்ளினார். புகழ் பெற்றவர்களுக்குப் பெரும் பணம் கொடுப்பதும் பிடிக்காது. குரல் சுத்தமாக இருந்தால் போதும், பெயர் எதற்கு என்றார். புதிதாக வந்த ஜாஸ் சங்கீதத்தை வெறுத்தார்.

1914 டிசம்பர் 9-ந் தேதி இரவு அவருடைய தொழிற்சாலையில் பெரும் தீ. பல கட்டடங்கள் சாம்பலாயின. எடிசனுக்கு வயது 67. மறுநாளே இடிபாட்டை அகற்ற ஆள் விட்டார். சில வாரங்களில் தட்டு மறுபடி வெளிவந்தது. மனிதரின் உறுதி அப்படி.

இருட்டில் ஒரு பரீட்சை

தன் பெட்டியின் பெருமையை எப்படி நிரூபிப்பது? 1915-ல் எடிசன் கம்பெனி ஒரு தந்திரம் செய்தது.

மேடையில் பாட்டுப் பெட்டி. பக்கத்தில் ஒரு பாடகி. தட்டு ஓடும்போது பாடகியும் கூடவே பாடுவார். நடுவில் நிறுத்துவார். மறுபடி பாடுவார். உதடு அசைவதைப் பார்த்துத்தான் ஜனங்கள் வித்தியாசம் கண்டார்கள். சில சமயம் விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் பாட்டு தொடர்ந்து கேட்கும். விளக்கு வரும்போது மேடையில் பாடகி இருக்க மாட்டார்! பெட்டி மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருக்கும். கூட்டம் பிரமித்துக் கைதட்டும்.

1916 ஏப்ரல் 28-ந் தேதி நியூயார்க் நகரத்தின் கார்னகி மண்டபத்தில் மேரி ராப்போல்டு என்ற பாடகியை வைத்து இப்படி நடத்தினார்கள். பிறகு ஊர் ஊராக, ஆயிரக்கணக்கான முறை நடத்தினார்கள். 1920-க்குப் பிறகும் இது நடந்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. பாடகிகளில் ஒருவரான ஆன்னா கேஸ், வயதான பிறகு அதை ஒப்புக்கொண்டார். பெட்டி எந்த அளவுக்குச் சத்தம் கொடுக்குமோ அந்த அளவுக்குத் தன் குரலை அடக்கிக்கொண்டாராம். பெட்டி மனிதரைப் போலப் பாடியது பாதி. மனிதர் பெட்டியைப் போலப் பாடியது பாதி!

ஆனாலும் எடிசன் தட்டு மற்றவற்றைவிடச் சுத்தமானது என்பது பொய் அல்ல. பழைய தட்டுகளை ஆராய்கிறவர்கள் இன்றும் அதை ஒப்புக்கொள்கிறார்கள்.

ஜனங்கள் கேட்டது வேறு

அப்படியானால் எடிசன்தானே ஜெயித்திருக்க வேண்டும்? இல்லை.

விக்டர் கம்பெனியிடம் இத்தாலியப் பாடகர் கரூஸோ இருந்தார். 1902-ல் மிலான் நகர ஓட்டல் அறை ஒன்றில் அவர் முதல் தட்டுகளைப் பாடிக் கொடுத்தார். அந்தத் தட்டில் கரகரப்பு உண்டு. வாத்தியங்கள் எங்கோ கிணற்றில் இருந்து கேட்கும். ஆனால் நடுவில் கரூஸோ இருக்கிறார். ஜனங்களுக்கு அது போதும். வீட்டில் கரூஸோவை வைத்திருப்பதாகப் பெருமைப்பட்டார்கள். 250 டாலர் கொடுத்து வாங்கிய சுத்தமான பெட்டியில் பேர் தெரியாத ஒருவர் பிசிறில்லாமல் பாடினால், விருந்தாளிக்கு அதை எத்தனை முறை போட்டுக் காட்டுவது?

ருஷ்யாவின் பெரிய பியானோ மேதை ராக்மனினாப் 1919-ல் எடிசனுக்காக வாசித்தார். அங்கே மனம் ஒட்டவில்லை. 1920-ல் விக்டருக்குப் போய்விட்டார்.

இன்னொன்று. எடிசன் பெட்டி எடிசன் தட்டுக்காகவே செய்தது. தனிக் கருவி மாட்டினால் ஒழிய மற்றத் தட்டுகளை அதில் போட முடியாது. சுத்தமான கிணறுதான். ஆனால் அதில் தண்ணீர் கொஞ்சம்.

நம் ஊரிலும் இதுதான் நடந்தது. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி இசைத்தட்டில் பாடினார். கிராமபோன் இந்தியாவில் வேர் பிடித்தது. தமிழ்நாட்டில் எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டுகள் வீடு வீடாக ஓடின. அவர் 1933-ல் இளம் வயதிலேயே மறைந்தார். அந்தத் தட்டுகளில் பாட்டைவிட இரைச்சல் அதிகம் என்று கூடச் சொல்லலாம். ஆனால் அவர் குரல் உச்சத்துக்கு ஏறும்போது இரைச்சலை யார் கவனித்தார்கள்? என் நண்பரின் தகப்பனார் கொளாம்பியில் போட்ட பாட்டும் அப்படித்தான். சுத்தம் என்ற பேச்சே அதில் கிடையாது. அரை மைல் தூரத்தில் இருந்து மிதந்து வந்த அந்தப் பாட்டைத்தான் நண்பர் இன்றும் நினைத்து உருகுகிறார்.

ரேடியோ வந்தது

1920-க்குப் பிறகு ரேடியோ அமெரிக்க வீடுகளில் நுழைந்தது. ஆரம்ப ரேடியோவின் ஒலி மோசம். கொரகொர என்று சத்தம். எடிசன் அதைக் கேட்டு முகம் சுளித்தார். இந்த ஒலியை ஜனங்கள் சகிக்க மாட்டார்கள், சீக்கிரம் சலித்துப் போவார்கள் என்று கணக்குப் போட்டார். கணக்குத் தப்பிற்று. ரேடியோவில் தட்டு வாங்கும் செலவு இல்லை. தினம் புதுப் பாட்டு. ஜனங்கள் குவிந்தார்கள்.

1925-ல் இரண்டாவது அடி விழுந்தது. அதுவரை பாடகர் ஒரு பெரிய குழாய்க்குள் பாடினார். அந்தக் காற்றின் வேகமே ஊசியை அசைத்துத் தட்டில் கீறியது. இப்போது மைக் வந்தது. வால்வு ஆம்ப்ளிபயர் வந்தது. மின்சாரத்தால் ஒலிப்பதிவு செய்த தட்டுகளை விக்டரும் கொலம்பியாவும் வெளியிட்டன. அடித்தொண்டைச் சத்தமும் சன்னமான சத்தமும் அதில் புதிதாகக் கேட்டன. 40 ஆண்டுகளுக்கு முன்னால் எடிசன் விளக்கில் பார்த்துவிட்டு விட்ட அந்த அதிசயம், எதிராளி கையில் ஆயுதமாகி வந்து நின்றது.

எடிசன் இரண்டு ஆண்டு பிடிவாதம் பிடித்தார். மின்சாரம் ஒலியைக் கெடுக்கும் என்றார். மகன்கள் சார்லஸும் தியோடரும் வாதாடினார்கள். 1927-ல் எடிசன் தட்டும் மின்சாரத்துக்கு மாறியது. காலம் கடந்துவிட்டது. 1929 அக்டோபர் கடைசியில் பாட்டுத் தட்டு வியாபாரத்தை மூடுவதாக அறிவித்தார்கள். பேசும் இயந்திரத்தை உலகுக்குக் கொடுத்தவர் அந்தத் தொழிலை விட்டே வெளியேறினார். அவருக்கு அப்போது வயது 82.

அவர் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டே வாழ்ந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒலி சுத்தமாக இருக்கிறதா? அந்தக் கேள்விக்கு அவர் கொடுத்த பதில் அபாரம். உங்களுக்கு யாருடைய பாட்டு வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவர்களை அவர் கேட்கவே இல்லை.

சுத்தம் வீணா?

அதற்காக, சுத்தமான ஒலி வெறும் வீண் என்று முடிவு கட்ட வேண்டாம். கதை எடிசனோடு நிற்கவில்லை.

ஆம்ப்ளிபயர் ஒலியைப் பெருக்கும்போது அதைக் கொஞ்சம் கெடுக்கவும் செய்தது. 1927 ஆகஸ்டு 2-ந் தேதி ஹரால்டு பிளாக் என்ற அமெரிக்க எஞ்சினீயர் படகில் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு யோசனை தோன்றியது. கையில் இருந்த செய்தித்தாளிலேயே படம் போட்டுவிட்டார். வெளியே வரும் ஒலியில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விட்டு, போனதோடு ஒப்பிட வைத்தால், ஆம்ப்ளிபயர் தன் தப்பைத் தானே திருத்திக்கொள்ளும். இன்று வீட்டில் இருக்கும் அநேகமான ஆம்ப்ளிபயர்கள் சுத்தமாகப் பாடுவதற்கு இந்த யோசனைதான் காரணம்.

1945-ல் அமெரிக்காவில் ரேடியோ கேட்பவர்களை உட்கார வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. சன்னமான ஒலி முழுவதும் கேட்கும் ஏற்பாடு ஒன்று. அதை வெட்டிவிட்ட ஏற்பாடு இன்னொன்று. பெரும்பாலோர் வெட்டிய ஒலியே நன்றாக இருக்கிறது என்றார்கள்! ஜனங்களுக்கு முழு ஒலி பிடிக்காது என்று பலர் பேசத் தொடங்கினார்கள்.

ஹாரி ஆல்சன் என்ற விஞ்ஞானி இதை நம்பவில்லை. 1947-ல் அவர் மைக், ஆம்ப்ளிபயர் எதுவும் வைக்கவில்லை. திரைக்குப் பின்னால் நிஜமான வாத்தியக் கோஷ்டியை உட்கார வைத்தார். நடுவில் சன்னமான ஒலியைத் தடுக்கும் தட்டிகளை வைத்து, திறந்தும் மூடியும் காட்டினார். இப்போது பெரும்பாலோர் திறந்த ஒலியே வேண்டும் என்றார்கள்.

அப்படியானால் முதல் ஆராய்ச்சியில் அவர்கள் வெறுத்தது சன்னமான ஒலியை அல்ல. அந்த ஒலியோடு கருவி கலந்து கொடுத்த அழுக்கை. அழுக்கு ஒலி முதலில் விறுவிறுப்பாக இருக்கும். நாள் போகப் போகத் தலை வலிக்கும். நண்பர் முதல் ஆம்ப்ளிபயரை விற்றதும் இதனால்தான்.

சரி, அழுக்குப் போன பிறகு? 1987-ல் ஓர் அமெரிக்க ஆடியோ பத்திரிகை 25 பேரை வைத்துச் சோதனை நடத்தியது. சுமார் 220 டாலர் ஆம்ப்ளிபயர் முதல் 12,000 டாலர் ஆம்ப்ளிபயர் வரை வைத்தார்கள். எது ஓடுகிறது என்று சொல்லவில்லை. சத்தத்தின் அளவைச் சமமாக்கினார்கள். கேட்டவர்கள் சொன்ன பதில் பூவா தலையா போட்டதற்குச் சமமாக இருந்தது. இத்தனைக்கும் அதில் பலர் வித்தியாசம் உண்டு என்று சத்தியம் செய்கிறவர்கள்!

சத்தத்தைச் சமமாக்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பெட்டியில் ஒன்று மயிரிழை அதிகமாகச் சத்தம் கொடுத்தாலும், அதன் ஒலிதான் சிறந்தது என்று நம் காது நம்பிவிடும். கடையில் போட்டுக் காட்டும்போது இதை மறக்கக் கூடாது. ஆம்ப்ளிபயர் செய்யும் தப்பைவிட ஸ்பீக்கர் செய்யும் தப்பு பல மடங்கு. சுவரில் மோதி எதிரொலிக்கும் அறை செய்வது அதற்கும் மேல். ஆசைக்காரர்களோ பெரும்பாலும் ஆம்ப்ளிபயரைத்தான் மாற்றுகிறார்கள். தூக்கிக்கொண்டு வர அதுதான் சுலபம்.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லப் போயிருந்தேன். புதுப் பெட்டி வந்த நாளில் இருந்து என்னென்ன பாட்டுக் கேட்டீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். இரண்டே இரண்டு பாட்டு. அதையே திருப்பித் திருப்பிப் போட்டு, தபேலா சரியாக விழுகிறதா, வீணைத் தந்தி பிசிறில்லாமல் வருகிறதா என்று பார்த்திருக்கிறார். பெட்டியைத்தான் கேட்டிருக்கிறார். தகப்பனார் விட்டுப்போன தட்டுகள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. சுத்தமான ஆம்ப்ளிபயர் வந்த பிறகு அவற்றைத் தொடவில்லை. இரைச்சல் நன்றாகக் கேட்கிறதாம்! வீட்டம்மா உள்ளே இருந்து சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

எடிசன் 1931 அக்டோபர் 18-ந் தேதி காலமானார். மூன்றாம் நாள் இரவு அமெரிக்கா எங்கும் சிறிது நேரம் விளக்கைக் குறைத்து அஞ்சலி செய்தார்கள். பாட்டுப் பெட்டிகளை யாரும் நிறுத்தவில்லை. புளோரிடா மாநிலத்தில் போர்ட் மையர்ஸ் என்ற ஊரில் அவர் குளிர்காலத்தில் தங்கிய வீடு இன்று காட்சிசாலையாக இருக்கிறது. அங்கே அவருடைய பாட்டுப் பெட்டி ஒன்று உண்டு. அதன் மரத்தில் அவர் கடித்த பல்லின் தடம் பதிந்திருக்கிறது.

இதைச் சொன்னபோது நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பெட்டி என்ன மரம் என்று கேட்டார்.